சிகரெட்டை விடும் வாரத்தில் காபியைப் பாதியாக்குங்கள்

சிகரெட்டை விடத் தீர்மானிப்பவர்களில் பலர், முதல் சில நாட்களின் மந்தத்தைக் காபியும் தேநீரும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் இறங்குகிறார்கள். ஒன்றை விடும்போது இன்னொன்றைச் சற்றுக் கூட்டிக்கொண்டால் என்ன என்பது அவர்கள் போடும் கணக்கு. உடலின் கணக்கு இதற்கு நேர்மாறானது. புகைப்பவரின் கல்லீரல் காஃபீனை மற்றவர்களைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றுகிறது. புகைப்பதை நிறுத்தியதும் சில நாட்களிலேயே அந்த வேகம் இறங்கிவிடுகிறது. நேற்றுவரை குடித்த அதே நான்கு காபியைத் தொடர்ந்து குடித்தால், ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் நிற்கும் காஃபீனின் அளவு இரு மடங்கை நெருங்கிவிடும். நான்கை ஆறாக்கிக்கொண்டவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம். படபடப்பு, விரல் நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் ஒன்றாக வந்து சேரும். இவை நிகோடின் ஏக்கத்தின் அறிகுறிகளோடு பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுவதால், 'சிகரெட் இல்லாமல் நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிப் பெட்டிக்கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

மூளை உழைப்பே பிழைப்பாக உள்ளவர்களை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்படுகிறது. கணினி முன் அமர்ந்திருப்பவர்கள், இரவுப்பணி பார்ப்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆகியோர் சிகரெட்டைப் பொழுதுபோக்காகப் பிடிப்பதைவிட, கவனம் சிதறாமல் இருக்க உதவும் கருவியாகவே பிடிக்கிறார்கள். அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

இழுத்த புகையிலுள்ள நிகோடின் நுரையீரல் வழியாக 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அது டோப்பமின் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கச் செய்வதால் ஒரு தெளிவும் ஊக்கமும் கிடைப்பது உண்மைதான். ஆனால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அளவு இறங்க இறங்க மனம் ஒன்றில் நிற்காது, படித்த வரியையே திரும்பப் படிக்க நேரும், பக்கத்து மேசைக்காரரின் குரல்கூட எரிச்சலூட்டும். அப்போது எழுந்து போய் ஒன்று பற்றவைத்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. வழக்கமாகப் புகைப்பவர் உணரும் 'கவனம்' பெரும்பாலும் இதுதான்: முந்தைய சிகரெட் உண்டாக்கிய குறையை அடுத்த சிகரெட் தீர்த்துவைக்கிறது. புகையை விட்டவுடன் அந்தக் குறை மட்டும் தீர்ப்பாரின்றி நிற்கும். முதல் இரண்டு மூன்று நாட்களில் அது உச்சத்தில் இருந்து, பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களில் மெல்ல அடங்கும். எனவே நாம் சமாளிக்க வேண்டியது ஏறக்குறைய ஒரு மாத காலத்தை. அதிலும் கடுமையானது முதல் வாரம்.

காஃபீன் விஷயத்தில் குற்றவாளி நிகோடின் அன்று. புகையிலை எரியும்போது உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள், கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதியை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யத் தூண்டுகின்றன. காஃபீனைச் சிதைக்கும் பொறுப்பு பெரும்பாலும் இந்த நொதியினுடையது. புகைக்காதவரின் உடலில் காஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறதென்றால், புகைப்பவரின் உடலில் மூன்று மணி நேரமே போதும். புகை நின்றால் தூண்டுதலும் நின்றுவிடுகிறது. நிகோடின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் பேட்சோ பயன்படுத்தினாலும் நிலைமை மாறாது. அவற்றில் நிகோடின் உண்டே தவிர புகை கிடையாது.

இதே நொதி சில மருந்துகளையும் சிதைப்பதால், நாள் குறிப்பதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இழைப்புக்காகத் தியோஃபிலின் கலந்த மாத்திரை (டெரிஃபிலின் என்று சொன்னால் பலருக்கு உடனே புரியும்) சாப்பிடுகிறவர்கள், மனநல மருத்துவத்தில் குளோசபின் அல்லது ஓலன்சபின் எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ஆகியோர், புகைப்பதை நிறுத்தப்போவதாக மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புகை நின்றதும் அதே மாத்திரையின் அளவு ரத்தத்தில் உயரக்கூடும் என்பதால் மருந்தைக் குறைக்க வேண்டி வரலாம். தாமாகவே குறைத்துக்கொள்வதும் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் அந்த வாரங்களில் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். புகைத்துப் புகைத்து இழைப்பு வந்தவர்கள்தாம் தியோஃபிலினும் சாப்பிடுகிறார்கள், அவர்களிடம்தான் 'முதலில் சிகரெட்டை விடுங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இந்த எச்சரிக்கையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இனி நாள் குறிக்கலாம். தேர்வுக்கு முந்தைய வாரமும் அலுவலகத்தில் வேலை முடித்துக் கொடுக்க வேண்டிய வாரமும் வேண்டாம். அதற்காக எந்த நெருக்கடியும் இல்லாத வாரத்துக்குக் காத்திருந்தால் அது வரவே வராது. வெள்ளிக்கிழமை தொடங்கினால், கடுமையான இரண்டாம் மூன்றாம் நாட்கள் வார விடுமுறையில் விழும். எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைப்பதைவிட, குறித்த நாளில் முழுவதுமாக நிறுத்துபவர்களே அதிகம் வெற்றி பெறுகிறார்கள் என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. குறைக்கக் குறைக்க, மிஞ்சியிருக்கும் அந்த இரண்டு சிகரெட்டுகளின் மதிப்பு மனத்தில் ஏறிக்கொண்டே போகும் என்பதே இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறித்த நாளுக்கு முந்தைய மூன்று நாட்கள், எத்தனை மணிக்குப் புகைத்தீர்கள், எத்தனை மணிக்கு எதைக் குடித்தீர்கள் என்று கைபேசியில் குறித்து வையுங்கள். இரண்டு செய்திகள் அதிலிருந்து கிடைக்கும். தூங்கி எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பது ஒன்று. அரை மணி நேரத்துக்குள் என்றால் அடிமைத்தனம் வலுவாக இருக்கிறது, மருந்துதவி இல்லாமல் முயல வேண்டாம். மற்றொன்று, ஒரு நாளில் உள்ளே போகும் காஃபீனின் அளவு. பால் கலந்த ஒரு தேநீரில் சுமார் 30 முதல் 50 மில்லிகிராம், ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் தூளில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபில்டர் காபியின் அளவைச் சொல்வது கடினம், ஏனென்றால் அது தூளையும் டிகாஷனையும் பொறுத்தது. ரொபஸ்டா வகைக் காபிக் கொட்டையில் அராபிகா வகையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காஃபீன் உண்டு. சிக்கரியில் காஃபீனே கிடையாது. காபி-சிக்கரித் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், ஒரே நேரத்தில் 200 மில்லிகிராம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் பாதுகாப்பான எல்லை. கருவுற்ற பெண்களுக்கு நாள் முழுவதற்குமே 200தான்.

புகையை நிறுத்தும் நாளிலிருந்தே காஃபீனைப் பாதியாக்க வேண்டும். முழுவதும் நிறுத்திவிடுவது இதைவிடத் தவறு. காஃபீனைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், சோர்வும் சேரும். நிகோடின் ஏக்கத்தின் உச்சமும் அதே நேரத்தில்தான் வரும். பாதியாக்கினால், சிதைவு வேகம் குறைந்திருப்பதன் காரணமாக ரத்தத்தில் காஃபீன் பழைய அளவிலேயே நிற்கும். தலைவலியும் இராது, படபடப்பும் இராது.

டம்ளர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காலையில் சூடாக ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று என்று கைக்குப் பழகிய நேரங்களில் ஏற்கெனவே சிகரெட் காணாமல் போயிருக்கும். டம்ளரும் டபராவும் காணாமல் போனால் நாள் வெறிச்சோடிவிடும். டம்ளர் இருக்கட்டும், டிகாஷனைக் குறையுங்கள். வீட்டில் போடுகிறவர்கள் முதல் டிகாஷனைக் காலைக் காபிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதே தூளில் மறுபடியும் வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாஷனை மற்ற வேளைகளுக்குப் பயன்படுத்தலாம். அரைத்துத் தரும் கடையில் வாங்குகிறவர்கள், அந்த மாதத்துக்கு மட்டும் சிக்கரியைக் கூட்டிக் கலக்கச் சொல்லலாம். தீவிர காபிப் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். டீக்கடையில் 'ஸ்ட்ராங்' என்று சொல்வதை 'லைட்' என்று மாற்றினால் போதும்.

டீக்கடையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். விடுவதற்கு முதல் நாள் வீட்டில் மிச்சமிருக்கும் பாக்கெட்டை நசுக்கி எறிந்துவிடுங்கள் என்பது எல்லா வழிகாட்டிகளிலும் காணப்படும் அறிவுரை. சில்லறையில் ஒன்று ஒன்றாக வாங்கிப் பிடிப்பவர்கள் நிறைந்த நம் ஊருக்கு அது அவ்வளவாகப் பயன்படாது. இங்கே பாக்கெட் வீட்டில் இல்லை, கடையில் இருக்கிறது. கடைக்காரர் முகத்தைப் பார்த்ததுமே ஒன்றை உருவி நீட்டுவார், கூரைக் கம்பியில் கயிற்றில் கட்டிய லைட்டர் தொங்கும், முன்பெல்லாம் முனையில் கனலும் தேங்காய் நார்க்கயிறே தொங்கியது. கையில் தேநீர் இருக்கும்போது மற்றக் கைக்கு என்ன வேலை என்று உடம்புக்குத் தெரியும். பல ஆண்டுகளாக டீயும் தம்மும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டவை. ஒன்றின் சுவை நாக்கில் பட்டால் மற்றொன்றுக்கு மூளை தயாராகிவிடுகிறது. ஆகவே முதல் ஒரு மாதம் தேநீரை அந்த இடத்திலிருந்து பிரிக்க வேண்டும். பார்சல் வாங்கி வந்து மேசையிலேயே குடிக்கலாம், இருக்கை உள்ள உணவகத்தில் அமர்ந்து குடிக்கலாம், அல்லது டீயை விட்டுச் சுக்குக்காபிக்கோ லெமன் டீக்கோ மாறிக்கொள்ளலாம். கடைக்காரரிடம் 'அண்ணே, விட்டுட்டேன், கேட்டாலும் குடுக்காதீங்க' என்று சொல்லி வைப்பதும் பயன் தரும். பெரும்பாலான கடைக்காரர்கள் இதை மதிப்பார்கள். கூடச் செல்லும் நண்பர்களிடம் இதே வேண்டுகோளை வைத்தால், அவர்களில் ஒருவராவது 'ஒரு பஃப்தான்டா' என்று நீட்டாமல் இருக்கமாட்டார் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

நிகோடின் சூயிங்கம் பயன்படுத்துபவர்கள் காபியோடு அதற்குள்ள பகையை அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2 மில்லிகிராம் கம் மருத்துவர் சீட்டின்றியே மருந்துக்கடையில் கிடைக்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் புகைப்பவர்களுக்கு ஏற்ற 4 மில்லிகிராம் கம்முக்குச் சீட்டு வேண்டும். சாதாரணச் சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். காரமான சுவையோ சுருசுருப்போ தோன்றியதும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வையுங்கள். சுருசுருப்பு அடங்கியதும் மறுபடியும் மென்று, இந்த முறை வாயின் மறுபுறம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். நிகோடின் ரத்தத்தில் சேர்வது வாயின் உட்தோல் வழியாகவே. காபி, பழச்சாறு, குளிர்பானம் போன்ற அமிலத்தன்மை உள்ளவை வாயில் இருந்தால் அது சரியாக உறிஞ்சப்படாது. எனவே அவற்றைக் குடித்து 15 நிமிடங்கள் கழித்தே கம்மை வாயில் போட வேண்டும். 'கம்மும் மென்றேன், ஒன்றும் தெரியவில்லை' என்பவர்களில் பலர் காபியை வைத்துக்கொண்டே மென்றவர்களாக இருப்பார்கள். நாள் முழுவதும் மெல்ல நிகோடின் தரும் பேட்சை ஒட்டிக்கொண்டு, ஏக்கம் எழும்போது மட்டும் கம்மை மெல்வது, ஏதேனும் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. வரெனிக்ளின், புப்ரோபியான் ஆகிய மாத்திரைகளும் உண்டு. அவை மருத்துவர் முடிவுக்கு உரியவை.

முதல் வாரத்தில் ஒவ்வோர் ஏக்கமும் மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் தணிந்துவிடும். அந்த நிமிடங்களில் எழுந்து நடப்பதும், மாடிப்படி ஏறி இறங்குவதும், குளிர்ந்த நீரை மெதுவாகக் குடிப்பதும் போதுமானவை. வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு சங்கடமும் உண்டு: காலையில் சிகரெட் இல்லாமல் பலருக்கு வயிறு கழியாது. நிகோடின் குடலை இயக்குவது உண்மை என்பதால், விட்ட சில நாட்களுக்கு மலச்சிக்கல் வரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே மறுபடியும் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். காபிக்கும் குடலை இயக்கும் தன்மை இருப்பதால், காலையில் அந்த முதல் டிகாஷன் காபியை வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முந்தைய இரவு வாழைப்பழம், எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான நீர், பிறகு காபி என்று ஒரு வாரம் பழக்கினால் குடல் தன் வழிக்கு வந்துவிடும். பசியும் கூடும், வாய்க்கு வேலை கொடுக்க வேர்க்கடலை, சுண்டல், வெள்ளரிக்காய் நல்லவை. சர்க்கரை போட்ட தேநீராலும் பிஸ்கட்டாலும் அந்தப் பசியைத் தீர்த்தால் எடை ஏறுவதைத் தடுக்க முடியாது.

காஃபீனைக் கவனத்துக்காகவே பயன்படுத்துவது எப்படி என்பது அடுத்த கேள்வி. மூளையில் களைப்பை அறிவிக்கும் அடினோசின் உட்காரும் இடங்களைக் காஃபீன் மறித்துக்கொள்கிறது. களைப்பு போவதில்லை, அது பற்றிய செய்தி மட்டும் தடுக்கப்படுகிறது. ஆகவே நன்றாகத் தூங்கியவருக்கு அது கூர்மை தரும். தூங்காதவருக்குக் கடனை ஒத்திவைக்கும். பெரிய அளவில் ஒரேயடியாகக் குடிப்பதைவிட, 40 முதல் 80 மில்லிகிராம் வரை சிறு அளவுகளில் குடிப்பது, புகையை விட்டு ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவருக்கு ஏற்றது. தேநீர் இதற்குக் காபியைவிடப் பொருத்தம். அதில் காஃபீன் குறைவு, கூடவே தியனைன் என்ற அமினோ அமிலமும் சிறிதளவு உண்டு. குடித்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில்தான் காஃபீன் உச்சத்தை எட்டும். எனவே கடினமான வேலையைத் தொடங்கும்போது குடிப்பதைவிட அதற்கு அரை மணி நேரம் முன்பு குடிப்பது சரி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் செருகினால், அரை டம்ளர் குடித்துவிட்டு உடனே 15 நிமிடம் கண்ணயர்ந்து எழுங்கள். எழும்போது காஃபீன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

முன்பு மாலை ஆறு மணிக்குக் காபி குடித்தும் பத்து மணிக்கு உறங்கியவர்கள், இனி அது நடக்காது என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். கடைசிக் காபியைப் பிற்பகல் இரண்டு மணிக்கு முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள். இரவுப்பணி பார்ப்பவர்களுக்கு இதையே மாற்றிச் சொன்னால், பணியின் முதல் பாதியில் மட்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் சிதறும், சிதறிய கவனத்துக்கு மூளை கேட்கும் மருந்து சிகரெட்டாகத்தான் இருக்கும்.

காபிக்குப் பதிலாக வேறு சிலவற்றை நாடும் ஆசை வரும். எனர்ஜி டிரிங்க் என்று விற்கப்படும் 250 மில்லி கேனில் 75 முதல் 80 மில்லிகிராம் காஃபீன்தான் இருக்கிறது, கூடவே நிறையச் சர்க்கரை. ஒரு காபியால் முடிகிற காரியத்துக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை. காஃபீன் மாத்திரையிலும் தூளிலும் அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. தேர்வுக்குப் படிப்பவர்களிடையே புழங்கும் மோடஃபினில், மருத்துவர் சீட்டோடு தூக்க நோய்களுக்காகக் கொடுக்கப்படும் மருந்து. அதைக் கடையில் பழக்கத்தின் பேரில் வாங்கிப் போடுவது கூடாது. சிகரெட்டை விட்டுவிட்டு உதட்டுக்கடியில் புகையிலை ஒதுக்குவது பழக்கத்தை விட்டதாகாது, இடம் மாற்றியதுதான். புகையிலை கலக்காத வெறும் பாக்கும் ஊக்கம் தரும் பொருள்தான், ஆனால் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இ-சிகரெட் விற்பனை இந்தியாவில் 2019 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். சிகரெட் பெட்டியிலேயே எச்சரிக்கைப் படத்தோடு அச்சிடப்பட்டிருக்கும் எண்தான் அது. இடையில் ஒன்று பிடித்துவிட்டால் அன்றைய தேதியை மறுபடியும் முதல் நாள் என்று எண்ணிச் சோர்ந்துபோக வேண்டாம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், கையில் என்ன வைத்துக்கொண்டு பிடித்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் டீக்கடையோ, இரவு வெகுநேரம் விழித்திருந்ததோ காரணமாக இருக்கும். அந்த ஒன்றைச் சரி செய்துவிட்டு அதே திட்டத்தைத் தொடரலாம்.

ஒரு மாதம் கடந்ததும் காபியைப் பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நொதியின் வேகம் குறைந்தது நிரந்தரம். மறுபடியும் புகைத்தால் ஒழியப் பழைய வேகம் திரும்பாது. எனவே பாதியாக்கிய அளவே இனி உங்கள் அளவு. டிகாஷனைச் சற்றுத் திடமாக்க விரும்பினால் காலைக் காபியில் மட்டும் ஆக்கிப் பார்த்து, ஒரு வாரம் தூக்கம் கெடவில்லை என்றால் வைத்துக்கொள்ளலாம். காஃபீனையும் குறைத்து, தூக்கமும் சரியாக இருந்து, நான்கு வாரங்களுக்குப் பின்னும் மனச்சோர்வோ கவனச் சிதறலோ நீங்காமல் இருந்தால் அதற்குச் சிகரெட்டைக் காரணமாகச் சொல்ல முடியாது. மனச்சோர்வு, தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றில் ஏதேனும் முன்பே இருந்து புகையின் மறைவில் தெரியாமல் போயிருக்கலாம் என்பதால், அப்போது ஒரு பொது மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.